ஆசிரியர்கள் நூலகரிடம் எப்போது வருகிறார்கள், எப்போது வர வேண்டும்?

சுவடிக்காரர்:
அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். ரொம்ப நாளாக மனதில் இருக்கிற ஒன்றை இங்கே போடுகிறேன். நூலகர்கள், ஆசிரியர்கள் இரண்டு தரப்பும் எழுதினால் நல்லது.

எங்கள் கல்லூரியில் ஆசிரியர்கள் நூலகத்தைத் தேடி வருவது பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகுதான். பாடத்திட்டம் அச்சாகி வந்த பிறகு புத்தகப் பட்டியல் என் கைக்கு வரும். கட்டுரையை ஏதோ ஒரு இதழுக்கு அனுப்பி, பணமும் கட்டிவிட்டு, "இது நல்ல இதழா, கொஞ்சம் பாருங்கள் சார்" என்று போன் வரும். ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகிற வாரத்தில் ஒப்புமை அறிக்கை (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டுவது) கேட்பார்கள். கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்கிற நாக் குழு வரும் தேதி தெரிந்ததும், நூலகம் பற்றிய 4.2 பிரிவுக்கு விவரம் கொடுங்கள் என்று கல்லூரியின் தர உறுதிக் குழுவிலிருந்து (ஐ.க்யூ.ஏ.சி.) ஆள் வருவார். இந்த எல்லாவற்றிலும் ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் என்னால் நிஜமாகவே உதவ முடிந்திருக்கும். பிறகு வந்தால் கையெழுத்துப் போடுவதோடு என் வேலை நின்றுவிடுகிறது.

உங்கள் கல்லூரியில் யாராவது இதை மாற்றியிருக்கிறீர்களா? எப்படி?

கணக்கு வாத்தியார்:
சார், ஆசிரியர் பக்கத்திலிருந்து உள்ளதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் இன்டர்னல் தாள், அட்மிஷன் வேலை, தேர்வுப் பணி. இதற்கு நடுவில் நூலகத்திலிருந்து எங்களுக்கு வருவது இரண்டே செய்திகள். ஒன்று, மார்ச் மாதத்தில் "31-ஆம் தேதிக்குள் பட்ஜெட்டைச் செலவழிக்க வேண்டும், நாளை மாலைக்குள் பட்டியல் கொடுங்கள்". இன்னொன்று, எல்லாத் துறையையும் ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து மின்வளங்களைப் பற்றி ஒரு மணி நேர ஓரியண்டேஷன்.

ஒரே நாளில் பட்டியல் கேட்டால் யார் யோசித்துக் கொடுப்பார்கள்? வந்திருக்கிற கேட்டலாகில் டிக் அடித்துக் கொடுப்போம், அந்தப் புத்தகங்களை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். ஓரியண்டேஷனில் காட்டுகிற தரவுத்தளங்களில் கணிதத்துக்கு எது உதவும் என்று கேட்டால் பதில் இருக்காது. எங்களுக்கு மேத்சைநெட் (கணிதக் கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளம்) சந்தா கட்டுபடியாகாது. ஆனால் அதே வேலையைச் செய்கிற ஜெட்.பி.மேத் 2021 ஜனவரியிலிருந்து எல்லோருக்கும் இலவசம். இதை எனக்குச் சொன்னவர் வேறு ஊரில் இருக்கிற ஒரு நூலகர். அந்த ஒரு தகவல் எனக்கு எத்தனையோ ஓரியண்டேஷன்களை விடப் பயன்பட்டது, இன்றைக்கும் தினமும் அதைத் திறக்கிறேன்.

மலைக்கோட்டை:
கணக்கு வாத்தியார் சொல்வது முழுக்க நியாயம். நான் மகளிர் கல்லூரி நூலகர். ஆடிட்டோரியம் ஓரியண்டேஷனை ஆசிரியர்களுக்கு நடத்துவதையே நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டு, துறைக் கூட்டத்தில் கடைசிப் பதினைந்து நிமிடம் வாங்கிக்கொள்கிறேன். அந்தத் துறைக்கு உரியதை மட்டும்தான் பேசுவேன். போன பருவத்தில் அவர்கள் மாணவிகள் எந்தப் புத்தகத்தை அதிகம் எடுத்தார்கள், எதற்குக் காத்திருந்தார்கள், அவர்கள் கேட்டு வாங்கியதில் எது எடுக்கப்படாமலே கிடக்கிறது. கோஹா நூலக மென்பொருளில் இந்த அறிக்கைகளை எடுப்பது பெரிய வேலை இல்லை. அதைக் காட்டியதும் ஆசிரியர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இதில் எனக்கு அதிகம் பலன் கொடுத்தது அசைன்மென்ட் விஷயம். வரலாற்றுத் துறையில் ஒரு மேடம் 60 மாணவிகளுக்கும் ஒரே தலைப்பு கொடுப்பார். அதற்கு எங்களிடம் உருப்படியான நூல் ஒன்றுதான், அதுவும் இரண்டு பிரதி. முதலில் வருகிற இருவர் எடுத்துப் போய்விடுவார்கள், மீதிப் பேர் விக்கிப்பீடியாவிலிருந்தும் சீனியர் நோட்டிலிருந்தும் எழுதுவார்கள். மேடத்துக்கோ பிள்ளைகள் நூலகத்துக்கே போவதில்லை என்று வருத்தம். அவர்கள் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன், அவர் பார்க்கவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். நேரில் போய்ச் சொன்னேன். இப்போது தலைப்பை அறிவிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே எனக்கு அனுப்பிவிடுகிறார். இருக்கிற நூல்களைப் பார்த்து ஆறேழு தலைப்பாகப் பிரித்துக்கொள்கிறோம், அதிகம் தேவைப்படுகிற பிரதிகளை வெளியே கொடுக்காமல் தனி அலமாரியில் வைத்துவிடுகிறேன், உள்ளே உட்கார்ந்து படிக்கட்டும். கட்டுரைகளின் தரம் கூடியிருக்கிறது என்று அவரே மற்ற துறைகளுக்குச் சொல்லி, இப்போது பொருளியல் துறையிலிருந்தும் தலைப்புகள் வருகின்றன.

சுவடிக்காரர்:
அருமை மேடம். தலைப்பை முன்கூட்டியே கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொறியியல் நூலகம்:
இதழ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஆசிரியர்கள் பணத்தை இழப்பதும் பதவி உயர்வு சிக்கிக்கொள்வதும் இங்கேதான். 2018 மே மாதம் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தான் ஏற்றுக்கொண்ட இதழ்களின் பழைய பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கியது ஞாபகம் இருக்கும். அப்புறம் அதற்குப் பதிலாக யுஜிசியின் கேர் பட்டியல் வந்தது. அதையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டு, இனிமேல் ஒரு இதழ் தரமானதா என்று பார்த்துக்கொள்வது கல்லூரியின், ஆசிரியரின் பொறுப்பு என்று சில அளவுகோல்களை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் "பட்டியலில் இருக்கிறதா, இல்லையா" என்று ஒரே கேள்வியில் முடிந்த வேலையை இப்போது ஒவ்வொரு இதழாகத் திறந்து பார்த்துச் செய்ய வேண்டும். அதைக் கல்லூரியில் யார் செய்வது? என்னைக் கேட்டால் நூலகர்தான் செய்ய வேண்டும், வேறு யாருக்கும் இந்தப் பயிற்சி கிடையாது.

முக்கியமாகப் போலி நகல் இதழ்கள். பல வருடமாக அச்சில் மட்டும் வருகிற ஒரு நல்ல இதழ் இருக்கும், அதற்கு வலைத்தளம் இருக்காது, அல்லது பழையதாக இருக்கும். எவனோ அதே பெயர், அதே ஐ.எஸ்.எஸ்.என். (இதழின் அடையாள எண்) எண்ணோடு ஒரு தளம் திறந்து கட்டுரை வாங்குவான். ஐ.எஸ்.எஸ்.என். சரியாக இருக்கிறது, பழைய பட்டியலிலும் பெயர் இருக்கிறது, ஆசிரியர் நம்பிப் பணம் கட்டிவிடுவார். நான் செய்வது இதுதான்: ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் அந்த எண்ணுக்கு எந்தப் பதிப்பாளர், எந்த ஊர் என்று பார்ப்பேன். ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் பெரிய தரவுத்தளம்) இதழ் என்று சொன்னால் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலிலிருந்து போவேன், இதழின் தளத்தில் இருக்கிற லோகோவை நம்ப மாட்டேன். நிறுத்தப்பட்ட இதழ்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால், அப்படிப்பட்ட இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் பார்ப்பேன். அப்புறம் பழைய இதழ்களைத் திறந்து நாலு கட்டுரையைப் படிப்பேன். ஒரே இதழில் மூலிகை மருத்துவமும் கான்கிரீட்டும் வங்கிக் கடனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம். கட்டுரை அனுப்பி மூன்று நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தாலும் அப்படித்தான், மூன்று நாளில் யாரும் ஒழுங்காக மதிப்பாய்வு செய்ய முடியாது.

அனுப்புவதற்கு முன்னால் வந்தால் அரை மணி நேரத்தில் முடியும். பணம் கட்டிய பிறகு வந்தால் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அந்தக் கட்டுரையை வேறு நல்ல இதழுக்கு அனுப்பவும் வழி இல்லாமல் போகிறது.

முதல் வருடம்:
சுயநிதிக் கல்லூரி, ஆங்கிலத் துறை, போன வருடம்தான் சேர்ந்தேன். எல்லோரும் "ஒரே நாடு ஒரே சந்தா" வந்துவிட்டது, எல்லா இதழும் படிக்கலாம் என்கிறார்கள். எனக்குத் திறக்கவில்லை. எங்கள் நூலகர் சார் நல்லவர், ஆனால் அவரும் ஒரு அட்டெண்டரும்தான், காலையிலிருந்து மாலை வரை கவுன்ட்டரிலேயே நிற்கிறார். அவரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. பி.எச்டி. படித்த பல்கலைக்கழகத்தில் எல்லாம் தானாகத் திறக்கும், இங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் பணம் கேட்கிறது.

பொறியியல் நூலகம்:
தம்பி, அது 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, 2025 ஜனவரியில் தொடங்கிய திட்டம். மூன்று வருடத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 இதழ்கள். ஆனால் அரசு நடத்துகிற நிறுவனங்களுக்குத்தான், அப்படிப்பட்டவை சுமார் 6,300. சுயநிதிக் கல்லூரி அதில் இல்லை, அதனால்தான் உங்களுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை ஆசிரியர்கள் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள் என்று யோசித்தால் எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஆராய்ச்சி செய்யச் சொல்லி எல்லோரையும் ஒரே மாதிரி அளக்கிறார்கள், படிக்கக் கொடுப்பதில் மட்டும் பிரிக்கிறார்கள்.

மலைக்கோட்டை:
முதல் வருடம், உங்கள் நூலகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சார், நம் கல்லூரி என்-லிஸ்ட்டில் இருக்கிறதா, எனக்கு ஐ.டி. போட்டுத் தருவீர்களா?" கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்நூல்களும் தருகிற, யுஜிசியின் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிற திட்டம் அது. கல்லூரி சேர்ந்திருந்தாலும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் நூலகர் தனித்தனியாகப் பயனர் கணக்கு உருவாக்க வேண்டும், வளாகத்துக்குள் வந்தால் தானாகத் திறக்கிற ஏற்பாடு இல்லை. பல கல்லூரிகளில் சந்தா கட்டியிருப்பார்கள், ஆசிரியர்களில் பாதிப் பேருக்குக் கணக்கே இருக்காது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்கிறவருக்கு ஆபீஸில் அடையாள அட்டை கொடுக்கும்போதே இந்த ஐ.டி.யும் கொடுத்துவிட வேண்டும் என்று எங்கள் முதல்வரிடம் சொல்லி அதை நடைமுறை ஆக்கிவிட்டேன்.

அதில் இல்லாத கட்டுரைக்கு: பிரவுசரில் அன்பேவால் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாக எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். இந்திய ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. கல்லூரி டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினராக இருந்தால் நூலகர் மூலம் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கலாம். கட்டுரை எழுதியவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டாலும் பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள், தயங்க வேண்டாம். அப்புறம் பக்கத்தில் இருக்கிற பல்கலைக்கழக நூலகத்துக்கு உங்கள் முதல்வர் கடிதத்தோடு போய்க் கேளுங்கள், அங்கே உட்கார்ந்து பார்க்கப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது, யாருக்கு எழுதுவது என்பதெல்லாம் உங்கள் நூலகருக்குத் தெரியும். கவுன்ட்டரில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

முதல் வருடம்:
நன்றி மேடம். என்-லிஸ்ட் என்ற பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நாளைக்கே கேட்கிறேன்.

ஓலைச்சுவடி ஆய்வு:
தமிழ்த் துறையிலிருந்து ஒரு வார்த்தை. மேலே பேசியதெல்லாம் ஸ்கோபஸ், என்-லிஸ்ட், ஐ.எஸ்.எஸ்.என். எங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டிய பாதி அங்கே கிடைக்காது. 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பு, நின்றுபோன சிற்றிதழ், ஊர்ப் புராணம், சாதி வரலாற்றுப் பிரசுரம் இவைதான் எங்கள் மூலங்கள். இதில் நூலகரின் உதவி எவ்வளவு பெரியது என்று துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒரு உதாரணம். பழைய நூல்களில் முகப்பில் ஆங்கில வருடம் இருக்காது, "பிரபவ வருடம்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். அந்தப் பெயர் 60 வருடத்துக்கு ஒரு முறை திரும்ப வரும், 1867-ஆ 1927-ஆ? என் மாணவர் ஒருவர் இதைத் தவறாக எடுத்திருந்தால் அவர் ஆய்வின் அடிப்படையே மாறியிருக்கும். அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் வைத்து, அதே அச்சகத்தில் வந்த வேறு நூல்களோடு ஒப்பிட்டு, பிந்தையதுதான் என்று காட்டியவர் எங்கள் நூலகர். அவர் இலக்கியம் படித்தவர் இல்லை, அட்டவணை போட்டுப் போட்டு வந்த கண் அது.

எது எங்கே கிடைக்கும் என்பதும் அப்படித்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் வீட்டிலிருந்தே கிடைக்கிறது, நல்லது. அதில் இல்லாதபோது தரமணி ரோஜா முத்தையா நூலகமா, பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகமா, கன்னிமாராவா என்று தெரியாமல் வெளியூர் ஆய்வாளர்கள் சென்னையில் நாள்கணக்கில் அலைகிறார்கள். இலங்கை வெளியீடு என்றால் ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத் தளத்தை முதலில் பார்க்க வேண்டும், 2005-லிருந்து அவர்கள் சேர்த்து வைத்திருப்பது மிகப் பெரிய தொகுப்பு. கிளம்புவதற்கு முன் கல்லூரி நூலகர் அங்கே ஒரு போன் போட்டு நூல் இருக்கிறதா, படம் எடுக்க விடுவார்களா, என்ன கடிதம் வேண்டும் என்று கேட்டுச் சொன்னால் ஆய்வாளருக்கு ஒரு வாரம் மிச்சம்.

கணக்கு வாத்தியார்:
நேரம் மிச்சம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. நூலக அறிவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதன் எங்கள் கணித ஆள்தான், சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் வந்த அவருடைய நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நாலாவது விதியே வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பதுதான். வகுப்பெடுத்த மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது.

சரி, ஒரு சந்தேகம். ஒப்புமை அறிக்கை. என் மாணவிக்கு 22 சதவீதம் வந்தது, பயந்து போய்விட்டாள். திறந்து பார்த்தால் பாதி தேற்றங்களின் கூற்று, வரையறைகள், குறியீடு. இதை எப்படிக் குறைப்பது? வரையறையை மாற்றி எழுதினால் கணிதம் தப்பாகிவிடும்.

சுவடிக்காரர்:
சார், மாற்றி எழுத வேண்டியதே இல்லை. யுஜிசியின் 2018 விதிமுறையிலேயே விலக்கு இருக்கிறது. முறையாகச் சுட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் சதவீதம் பார்க்க வேண்டும். தொடர்ச்சியாக 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போனாலும் கணக்கில் வராது. அந்த வடிகட்டிகளைப் போடாமல் மென்பொருளை ஓட்டினால் 22 என்ன, 40-கூடக் காட்டும். கழித்த பிறகு 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால்தான் திருத்தித் தரச் சொல்வார்கள்.

இதனால்தான் கடைசி வாரத்தில் வராதீர்கள் என்கிறேன். முதல் இரண்டு இயல் முடிந்ததுமே கொண்டுவந்தால், எந்த இடம் தற்செயல், எந்த இடத்தில் மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கிறது, எது நிஜமாகவே வேறொருவர் எழுதியது என்று பக்கம் பக்கமாக உட்கார்ந்து பார்க்கலாம். அந்தப் பழக்கம் மீதி இயல்களுக்கும் வந்துவிடும். கடைசி வாரத்தில் வருகிறவர்கள் சதவீதத்தைக் குறைக்கச் சொற்களை மாற்றிப் போடுகிறார்கள். அது ஆராய்ச்சிக்குச் செய்கிற துரோகம், இப்படி ஆய்வேடுகள் பாழாவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

பொறியியல் நூலகம்:
இதோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சாட்ஜிபிடி கொடுத்த நூற்பட்டியலோடு வருகிறார்கள், "இந்தக் கட்டுரைகளை எடுத்துத் தாருங்கள்" என்று. தேடினால் கட்டுரையே கிடையாது. ஆசிரியர் பெயர் நிஜம், இதழ் நிஜம், தலைப்பு மட்டும் கற்பனை. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைப் போட்டால் வேறு எதற்கோ போகும், அல்லது எங்குமே போகாது. மாணவர்கள் மட்டுமில்லை, ஆசிரியர்களும் கொண்டுவருகிறார்கள். வழிகாட்டிகள் கையெழுத்துப் போடும் முன் பட்டியலிலிருந்து ஏதாவது பத்தை எடுத்து நூலகத்துக்கு அனுப்பினால் போதும், சரிபார்த்துத் தந்துவிடுவோம்.

கோவை நூலகர்:
எல்லாம் சரி. ஆனால் எங்களைக் கூப்பிட்டால்தானே போக முடியும்? யுஜிசி விதிப்படி கல்லூரி நூலகருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தொடக்கச் சம்பள நிலை ஒன்றுதான், 10. முதுகலையும் நெட் தகுதித் தேர்வும் எங்களுக்கும் உண்டு. ஆனால் பல தனியார் கல்லூரிகளில் எங்களை ஆபீஸ் பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள், துறைக் கூட்டத்துக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் அழைப்பு வருவதில்லை. மேலே மலைக்கோட்டை மேடம் சொன்ன பதினைந்து நிமிடத்தை என் கல்லூரியில் கேட்டபோது, கூட்டம் ஆசிரியர்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது.

மலைக்கோட்டை:
அந்த வலி எனக்கும் தெரியும் சார். நிர்வாகம் வழியாகப் போய்க் கேட்டிருந்தால் எனக்கும் அந்தப் பதில்தான் வந்திருக்கும். ஒரு ஆசிரியருக்கு ஒரு காரியம் உருப்படியாக நடந்தது, அவர் துறையில் சொன்னார், அந்தத் துறை கூப்பிட்டது. எல்லாத் துறையையும் சேர்த்துத் தொடங்கியிருந்தால், ஒற்றை ஆளாக நான் எதையுமே முடித்திருக்க மாட்டேன். யார் அடிக்கடி புத்தகம் எடுக்கிறாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள். மற்றபடி பதவி நிலை பற்றி நீங்கள் சொன்னது சங்கங்கள் வழியாகப் போராட வேண்டிய விஷயம், அதை விட்டுவிடவும் கூடாது.

ஓலைச்சுவடி ஆய்வு:
எங்கள் கல்லூரி தன்னாட்சி. அடுத்த மாதம் பாடத்திட்டக் குழு கூடுகிறது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவோம். இதைப் படித்த பிறகு நூலகரையும் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட வேண்டும் என்று முதல்வருக்கு எழுதப் போகிறேன். போன முறை நாங்கள் பாடநூலாக வைத்த இரண்டு நூல்கள் அச்சிலேயே இல்லை, மாணவர்கள் மூன்று வருடமும் ஜெராக்ஸில் படித்தார்கள். நூலகர் வந்தால் அவர் கையில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மலைக்கோட்டை:
வரைவுப் பட்டியலைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பே அவருக்குக் கொடுத்துவிடுங்கள் அய்யா, அதுதான் முக்கியம். ஒவ்வொரு நூலுக்கும் நம்மிடம் எத்தனை பிரதி, எந்தப் பதிப்பு, அச்சில் கிடைக்கிறதா, விலை என்ன, மின்நூலகத்தில் இலவசமாக இருக்கிறதா என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். அச்சில் இல்லாததற்கு மாற்றாக வேறு எந்தப் பதிப்பு கிடைக்கும் என்பதையும். பதிப்பகத்துக்கு அவரே போன் போட்டு மறுபதிப்பு வருகிறதா என்று கேட்டுவிடுவது நல்லது, வகுப்புக்கு இத்தனை பிரதி வேண்டும் என்று சொன்னால் சில பதிப்பகங்கள் அச்சிடவும் முன்வருவார்கள்.

சுவடிக்காரர்:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், போன பாடத்திட்டத்தின் பார்வை நூல்களில் எவை இந்த மூன்று வருடத்தில் ஒரு முறைகூட எடுக்கப்படவில்லை என்ற பட்டியல். எங்கள் வணிகவியல் துறைக்கு அதே தாளை இந்த வாரம் தயார் செய்கிறேன், அவர்கள் கூட்டமும் அடுத்த மாதம்தான்.